அவசரமும் தேவசித்தமும்

'அவசரம்' என்னும் ஒரே சொல் இந்திய மொழிகளில் வெவ்வேறு பொருள்களைத் தாங்கி நிற்கிறது. சமஸ்கிருதத்தில் அதற்குத் தக்க தருணம் என்று பொருள். இந்தியிலும் மலையாளத்திலும் இன்றும் அது வாய்ப்பையே குறிக்கிறது. வங்காளியில் அச்சொல் ஓய்வைக் குறிக்கும். பணி ஓய்வு பெறுவதையும் அதைக் கொண்டே சொல்வர். தெலுங்கில் அது தேவை. கன்னடத்திலும் தமிழிலும் அது விரைவு, பதற்றம். ரயில் நிலையத்தில் நிற்கும் தமிழர் ஒருவர் அவசரம் என்று சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் மலையாளி வாய்ப்பு என்றும், தெலுங்கர் தேவை என்றும், வங்காளி ஓய்வு என்றும் விளங்கிக்கொள்ளக் கூடும்.

ஒரு சொல்லின் வரலாற்றிலிருந்து இறையியல் உண்மையைப் பிழிந்தெடுக்க முடியாது. விவிலியச் சொற்களின் வேர்ப்பொருளை அடித்தளமாக வைத்துக் கோட்பாடு எழுப்பும் பழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட நூலில் கடுமையாக மறுத்தார். மொழியியல் பயின்றோர் அம்மறுப்பை அறிவர். ஆகவே 'அவசரம்' என்ற சொல் எதையும் நிறுவவில்லை. எனினும் அதன் நான்கு பொருள்களையும் ஓய்வு, வாய்ப்பு, தேவை, விரைவு என்று வரிசைப்படுத்தினால், பதறி எடுக்கப்படும் ஒரு முடிவு மனத்துக்குள் நடந்து வரும் பாதை தெளிவாகத் தெரிகிறது. ஓய்ந்திருக்கும் மனத்தின் முன் ஒரு வாய்ப்பு தோன்றுகிறது. சிறிது நேரத்தில் அவ்வாய்ப்பு தேவையாக உருமாறுகிறது. தேவை என்று ஆனபின் அதற்குக் காலக்கெடு முளைக்கிறது. இது எல்லா மனிதருக்கும் பொதுவான பாதை. கிறிஸ்தவர்களிடம் மட்டும் அதற்கு மேல் இன்னொரு படி உண்டு: விரைவு தேவசித்தமாகிவிடுகிறது. இக்கட்டுரை பேச விரும்புவது அந்த இறுதிப் படியைப் பற்றியே.

பல்கலைக்கழக வளாகங்களில் உள்ள கிறிஸ்தவ மாணவர் ஐக்கியங்களை அறிந்தவர்களுக்கு இப்படி எவ்வாறு ஏறப்படுகிறது என்பது தெரியும். எழுச்சிக் கூட்டமொன்றின் இறுதி இரவில் ஆய்வுப் படிப்பை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதாக ஒருவர் எழுந்து நிற்கிறார். இரண்டே சந்திப்புகளுக்குப் பின் இன்னொருவர் திருமணத்துக்குச் சம்மதிக்கிறார். ஜெபித்தபோது சமாதானம் கிடைத்தது என்பதே காரணம். புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கைக்கு வந்த வாக்குத்தத்த அட்டையை வைத்து வேறொருவர் வேலையை விடுகிறார். கதவு திறந்தது, கதவு அடைபட்டது என்ற சொற்றொடர்கள் இம்முடிவுகளுக்கெல்லாம் முத்திரை இடுகின்றன. இவற்றுள் சில நல்ல முடிவுகளாகவே அமையலாம். சிக்கல் முடிவின் நன்மை தீமையில் இல்லை. கடவுள் சொன்னார் என்ற வாக்கியம் வெளிப்பட்ட கணத்திலேயே பெற்றோரும் நண்பரும் ஆய்வு நெறியாளரும் கேள்வி கேட்கும் உரிமையை இழந்துவிடுகிறார்கள். தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் உரிமையைக்கூட முடிவெடுத்தவர் இழக்கிறார். அவசரத்தின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அது தவறாகப் போவதைக் காட்டிலும் திருத்த முடியாததாகப் போவதே பெரிய கேடு.

விவிலியம் இதை நன்கு அறிந்த நூல். சாமுவேலின் முதல் நூலில் ஒன்றுக்கொன்று எதிரான இரு நிகழ்வுகள் உள்ளன. கில்காலில் சவுல் ஏழு நாள் காத்திருக்கிறார். பெலிஸ்தியர் மிக்மாசில் திரண்டுவிட்டார்கள், சவுலின் படைவீரர் சிதறத் தொடங்குகிறார்கள், சாமுவேல் வரவில்லை. சவுல் தாமே பலி செலுத்துகிறார். செலுத்தி முடித்த உடனேயே சாமுவேல் வந்து சேர்கிறார். சவுல் சொல்லும் காரணங்களைக் கவனிக்க வேண்டும்: மக்கள் சிதறினர், குறித்த காலத்தில் நீர் வரவில்லை, பகைவர் கூடிவிட்டனர். மூன்றும் உண்மை. ஒன்றுகூடப் பொய்யில்லை. எண்ணிப் பார்த்தபோது அவருடன் எஞ்சியிருந்தவர் ஏறத்தாழ 600 பேர்தாம். அதோடு, அவர் செய்தது கொள்ளையோ கொலையோ அன்று, வழிபாடு. தேவை பெரிதாக இருந்தது, செயல் பக்தியாக இருந்தது, ஆயினும் முடிவு தவறாயிற்று. பக்தியான செயல் என்பதே அவசரத்துக்கு மன்னிப்பாகாது என்பது அந்நிகழ்வின் கடினமான பாடம்.

பதினோர் அதிகாரங்களுக்குப் பின் என்கேதியின் குகையில் காட்சி தலைகீழாகிறது. மூவாயிரம் வீரருடன் தாவீதைத் தேடி வந்த சவுல், தாவீது ஒளிந்திருக்கும் அதே குகைக்குள் தனியாக நுழைகிறார். இதைவிடத் தெளிவாகத் திறந்த கதவு ஒன்றை விவிலியத்தில் காண்பது அரிது. தாவீதின் ஆட்கள் அதை இறையியலாகவே விளக்குகிறார்கள்: கடவுள் முன்னறிவித்த நாள் இதுவே என்கிறார்கள். வாக்குத்தத்தமும் இருக்கிறது, தாவீது ஏற்கெனவே அபிஷேகம் பெற்றவர். சூழ்நிலையும் பொருந்துகிறது. தோழர்களும் ஒருமனமாகச் சொல்கிறார்கள். இன்றைய வழிகாட்டிக் கையேடுகள் பட்டியலிடும் எல்லா அடையாளங்களும் ஒருங்கே அமைந்த அந்த இடத்தில் தாவீது சவுலின் மேலங்கியின் ஓரத்தை மட்டும் அறுக்கிறார். அதற்கும் அவர் மனம் அவரை வருத்துகிறது. வாய்ப்பு என்பது கட்டளை அன்று என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். சவுல் தேவையை ஆணையாகக் கொண்டார். தாவீது வாய்ப்பை ஆணையாகக் கொள்ள மறுத்தார். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு துணிவில் இல்லை, படிப்பதில் இருக்கிறது. நிகழ்ச்சிகளை எழுத்துகளாகக் கொண்டு கடவுளின் மனத்தை வாசித்துவிடலாம் என்ற எண்ணத்தை ஒருவர் ஏற்றார், மற்றவர் ஏற்கவில்லை.

அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரம் இதே பாடத்தைக் கடலில் வைத்துச் சொல்கிறது. பவுல் கைதியாகச் செல்லும் கப்பல் கிரேத்தா தீவில் 'நல்ல துறைமுகம்' என்ற இடத்தில் நிற்கிறது. பயணத்துக்குரிய பருவம் கடந்துவிட்டது. பவுல் எச்சரிக்கிறார். மாலுமியும் கப்பல் உரிமையாளரும் வேறு துறைமுகம் சென்று குளிர்காலத்தைக் கழிக்கலாம் என்கிறார்கள். பெரும்பான்மையோர் அதற்கே இசைகிறார்கள். அச்சமயம் தென்றல் மெல்ல வீசுகிறது. எண்ணியது கைகூடியது என்று நங்கூரம் எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் யூரோக்கிலிதோன் என்னும் பெருங்காற்று மோதுகிறது. பதினான்கு நாள் திசை தெரியாமல் அலைந்து கப்பல் உடைகிறது. அதில் இருந்தவர் 276 பேர். நிபுணர் கருத்து, பெரும்பான்மை, சாதகமான காற்று ஆகிய மூன்றும் ஒரே பக்கம் நின்றன. பவுல் அப்போது ஏதோ தரிசனம் கண்டு பேசியதாக நூல் சொல்லவில்லை. தரிசனம் பின்னால், புயலின் நடுவே வருகிறது. முதலில் அவர் பேசியது பருவம் அறிந்த மனிதரின் நிதானத்தோடு. காலத்தைக் கணக்கிடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இதைக் கருத வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. நற்செய்தி நூல்கள் விரைவின் நூல்கள் அல்லவா? மாற்கு எழுதிய நற்செய்தியில் 'உடனே' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஏறத்தாழ நாற்பது இடங்களில் வருகிறது. மீனவர் உடனே வலைகளை விட்டுச் செல்கிறார்கள். எத்தியோப்பிய அதிகாரி வழியில் கண்ட தண்ணீரிலேயே திருமுழுக்குப் பெறுகிறார். பிலிப்பி நகரின் சிறைக்காவலன் அதே இரவில் பெறுகிறான். தகப்பனை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்றவருக்கு இயேசு அவகாசம் தரவில்லை. அப்படியிருக்கப் பொறுமையைப் பெரிதுபடுத்துவது, கீழ்ப்படிய மனமில்லாத படித்தவர்களின் சாக்கு ஆகிவிடாதா?

ஆகிவிடக் கூடும். முடிவெடுக்காமல் ஆண்டுகளைக் கழிப்பதற்கு ஆய்வாளர்கள் நன்கு பழகியவர்கள். இன்னும் ஒரு நூல் வாசிக்க வேண்டும் என்ற வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை அச்சங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதே இயேசுதான் கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னதாக லூக்கா எழுதுகிறார். இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றுவது, நற்செய்திகள் வேறுபடுத்தும் இரண்டு செயல்களை ஒன்றாகக் குழப்புவதால்தான். நன்மை என்று ஏற்கெனவே தெரிந்ததைச் செய்வது ஒன்று: மன்னிப்பது, கடனைத் திருப்புவது, பசித்தவருக்கு உணவிடுவது, பொய்யை விடுவது. இவற்றுக்குக் காத்திருப்பு தேவையில்லை; தாமதமே பாவம். அறியாத எதிர்காலத்துக்குத் தம்மையும் பிறரையும் கட்டிப்போடுவது மற்றொன்று: திருமணம், துறவு, நேர்ச்சை, ஊழியம், இடப்பெயர்ச்சி, சபையை விட்டு விலகல். இவற்றுக்கே உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்லப்பட்டது. நடைமுறையில் இது தலைகீழாகவே நிகழ்கிறது. உடனே செய்ய வேண்டிய மன்னிப்புக்கு ஜெபிக்க வேண்டும் என்று கால அவகாசம் கேட்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் எண்ண வேண்டிய திருமணத்துக்கு ஒரே இரவில் பதில் சொல்கிறார்கள்.

பிறரையும் கட்டிப்போடுவது என்ற சொற்களுக்குப் பொருள் அறிய இந்தியக் கிறிஸ்தவ வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற ஒரு வாழ்வையே எடுத்துக்கொள்ளலாம். பொறுமைக்கு எடுத்துக்காட்டாக வில்லியம் கேரியின் பெயர் சொல்லப்படாத மிஷனரிக் கூட்டம் இல்லை. அது தகுதியான புகழே. 1793 நவம்பரில் வங்காளம் வந்த அவர், தம் பணியின் முதல் வங்காளிக் கிறிஸ்தவரான கிருஷ்ண பாலுக்குத் திருமுழுக்குக் கொடுத்தது 1800 டிசம்பர் 28-இல். இடையில் ஏழு ஆண்டுகள். 1812 மார்ச்சில் செராம்பூர் அச்சகம் தீப்பற்றி எரிந்தது. பன்மொழி அகராதியின் கையெழுத்துப் பிரதி உட்படப் பல ஆண்டு உழைப்பு சாம்பலாயிற்று. அவர் மறுபடியும் தொடங்கினார். 1801-இல் வெளியான வங்காளப் புதிய ஏற்பாட்டை அவர் திருத்திக்கொண்டே இருந்தார். அதன் எட்டாம் பதிப்பு 1832-இல், அவர் இறப்பதற்கு இரண்டாண்டுக்கு முன் வந்தது. மொழிபெயர்ப்பாளர் எவரும் இந்த உழைப்பின் முன் தலைவணங்குவர்.

ஆனால் அந்த வாழ்வுக்கு ஒரு முன்கதை உண்டு. கேரி இந்தியா செல்ல முடிவெடுத்தபோது அவர் மனைவி டாரத்தி மறுத்தார். அவர் கருவுற்றிருந்தார், சிறு பிள்ளைகள் இருந்தனர், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் தொடங்கியிருந்தது. மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி புறப்பட்டார். தோழர் ஜான் தாமஸுடன் ஏறிய கப்பலிலிருந்து அவர்கள் இறக்கப்பட்டார்கள், பயணம் தள்ளிப்போனது. எண்ணிப் பார்க்கக் கிடைத்த இடைவெளி அது. வங்காளிப் பொருளிலான அவசரம். அவர்கள் அதைத் தமிழ்ப் பொருளிலான அவசரமாக மாற்றினார்கள். இருவரும் வீடு திரும்பி, குழந்தை பெற்றுச் சில வாரங்களே ஆன டாரத்தியிடம் மீண்டும் கேட்டார்கள். அவர் மறுபடியும் மறுத்தார். தாமஸ் திரும்ப வந்து, வராவிட்டால் வாழ்நாள் முழுதும் வருந்த வேண்டியிருக்கும் என்னும் பொருள்பட வற்புறுத்தினார். தம் சகோதரியும் உடன்வந்தால் வருவதாக டாரத்தி இசைந்தார். அவசர அவசரமாக மூட்டை கட்டப்பட்டது. 1793 ஜூன் 13-இல் டென்மார்க் கப்பலொன்றில் குடும்பம் புறப்பட்டது.

அடுத்த ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் வங்காளத்தில் இறந்தான். அதன்பின் டாரத்தியின் மனநிலை குலைந்தது. கணவரைப் பற்றிய கடுமையான சந்தேகங்கள் அவரை ஆட்கொண்டன. பல ஆண்டுகள் அறைக்குள் அடைத்து வைக்கப்பட வேண்டிய நிலையில் வாழ்ந்து 1807 டிசம்பரில் அவர் மறைந்தார். அதே ஆண்டுகளில் அதே வீட்டில் மொழிபெயர்ப்பு நடந்தது.

கேரியை நிகழ்காலத்தின் நீதிமன்றத்தில் நிறுத்துவது இதன் நோக்கமன்று. பீட்டரின் மரணமும் வங்காளத்தின் காய்ச்சலும் யாரும் முன்னறிந்தவையல்ல. டாரத்தி இங்கிலாந்தில் இருந்திருந்தால் நலமாக வாழ்ந்திருப்பார் என்று எவரும் உறுதி கூற முடியாது. கேட்க வேண்டியது வேறு. அந்த முடிவு எடுக்கப்பட்ட விதத்தில் ஒருவருடைய இல்லை என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை தரப்பட்டது? இருமுறை சொல்லப்பட்ட மறுப்பு, கடவுளின் அழைப்புக்கு எதிரான தடையாகக் கருதப்பட்டதேயன்றி, கடவுள் பேசக்கூடிய ஒரு வாயாகக் கருதப்படவில்லை. கேரி ஏழாண்டு பொறுத்தார், இருபதாண்டு பொறுத்தார், எரிந்த தாள்களை மறுபடியும் எழுதினார். ஆனால் ஆரம்ப முடிவின் பாரத்தைப் பெரிதும் சுமந்தவர் அவரல்லர். பொறுமையின் வீரர்களைப் பற்றிய நம் வரலாறுகள் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன. பொறுமையைப் பற்றிய நூலிலேயே அந்த விரைவு இருப்பது கவலைக்குரியது.

செராம்பூரின் மொழிபெயர்ப்புப் பணியிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. நாற்பதுக்கு அருகிலான மொழிகளில் விவிலியத்தை முழுதாகவோ பகுதியாகவோ வெளியிட்ட சாதனையை உலகமே வியந்தது. ஆனால் கேரி ஆழமாக அறிந்த வங்காளியில் அவர் காட்டிய பொறுமை, தொலைதூர மொழிகள் பலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் பல, அம்மொழி பேசும் மக்களிடையே போதிய அளவு சோதிக்கப்படாமல் அச்சேறின. பிற்காலத்தில் வேறு கைகள் அவற்றைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. எண்ணிக்கை வாய்ப்பாக வந்து தேவையாக மாறிய கதை அது. ஒரே மனிதர், ஒரே மேசை, ஒரே பக்தி. பொறுமை ஒருவருடைய குணம் அன்று, ஒவ்வொரு முடிவிலும் புதிதாகத் தேர்ந்துகொள்ள வேண்டிய ஒழுக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொறுமை என்று தமிழ் விவிலியம் சொல்லும் இடங்களில் கிரேக்க மூலம் பெரும்பாலும் இரு சொற்களைப் பயன்படுத்துகிறது. 'ஹுப்பொமொனே' என்பது சூழ்நிலையின் பாரத்துக்குக் கீழ் நிலைத்து நிற்றல். 'மக்ரொதுமியா' என்பது மனிதர்மேல் எழும் சினத்தை நீட்டி வைத்தல்; இதற்கே தமிழில் நீடிய பொறுமை என்றும் நீடிய சாந்தம் என்றும் பெயர்த்தார்கள். இதன் பின்னணியில் உள்ள எபிரேயத் தொடர் சொல்லுக்குச் சொல் 'நீண்ட மூக்கு' என்பது; கோபம் மூக்கில் எரிவதாக எபிரேயர் கருதினர். மூக்குநுனியில் கோபம் என்று பேசும் தமிழருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குறிப்பிடத்தக்கது என்னவெனில், அந்தத் தொடர் எபிரேய வேதத்தில் கடவுளுக்கே மீண்டும் மீண்டும் அடைமொழியாக வருகிறது. மனிதர் கடவுளுக்காகக் காத்திருப்பதற்கு முன்பே கடவுள் மனிதருக்காகக் காத்திருக்கிறார். அதாவது அதிகாரம் உடையவர் காக்கும் பொறுமையே முதல் பொறுமை.

தமிழ்ச் சொல்லும் ஒரு குறிப்பைத் தருகிறது. 'பொறு' என்ற வினை பாரத்தைத் தாங்குவதைக் குறிக்கும். அதிலிருந்து பொறுமையும் பிறக்கிறது, பொறுப்பும் பிறக்கிறது. இதுவும் நிரூபணம் அன்று. ஆனால் நல்ல அளவுகோல். யார் பொறுக்கிறார், யார் பொறுப்பில் இருக்கிறார் என்ற இரு வினாக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாரத்தைத் தாம் சுமந்துகொண்டு பிறருக்கு அவகாசம் தருவது பொறுமை. அவகாசத்தைத் தாம் எடுத்துக்கொண்டு பாரத்தைப் பிறர்மேல் ஏற்றுவதற்கு வேறு பெயர் உண்டு.

லூக்காவின் 13-ஆம் அதிகாரத்தில் பதினெட்டு ஆண்டுகள் கூனியாக இருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்குகிறார். ஜெப ஆலயத் தலைவர் சினம் கொண்டு, வேலை செய்ய ஆறு நாள் இருக்கின்றன, அந்நாள்களில் வரலாமே என்கிறார். பதினெட்டு ஆண்டு பொறுத்தவருக்கு இன்னும் ஒரு நாள் பெரிதா என்பது அவருடைய வாதம், நியாயமானதாகவே ஒலிக்கிறது. இயேசு அந்த ஒரு நாளைக்கூட ஏற்கவில்லை. தமக்கென வரும்போது நாற்பது நாள் வனாந்தரத்தில் காத்திருந்தவர், அடுத்தவருடைய முதுகு வளைந்திருக்கும்போது மறுநாள் வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

இந்தியத் திருச்சபைகள் இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்டனவா என்பது ஐயமே. வீட்டில் அடிபடும் பெண் போதகரிடம் வரும்போது அவளுக்குத் தரப்படும் முதல் மருந்து பெரும்பாலும் பொறுமை. கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாவிலும் சாதி பார்க்கப்படுகிறது என்று தலித் கிறிஸ்தவர் முறையிட்டால், காலம் மாறும் என்ற பதில் வருகிறது. அரசின் தரப்பில் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு என வரையறுத்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்கு இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தைப் பொருட்படுத்தாமல் அவ்வுரிமையை வழங்கப் பரிந்துரைத்த அறிக்கையை 2007-இல் அளித்தது. 2022-இல் மீண்டும் ஓர் ஆணையம் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைக்கப்பட்டது. இத்தனை நீண்ட காத்திருப்பை ஆவியின் கனி என்று புகழ்ந்து பிரசங்கிப்பது எளிது. ஆனால் காத்திருக்க வைப்பவர் பேசும் பொறுமை விவிலியத்தின் பொறுமை அன்று. அது ஜெப ஆலயத் தலைவரின் பொறுமை. அவசர முடிவும் இத்தகைய காலந்தாழ்த்தலும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரே தவறின் இரு முகங்கள்: இரண்டிலும் முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர்.

தனிமனிதரின் பதற்றத்தை நம்பக் கூடாது என்பதைத் திருச்சபை மரபு நெடுங்காலமாக அறிந்திருந்தது. அதனால்தான் காத்திருப்பைத் தனிமனிதரின் நற்குணத்துக்கு விட்டுவிடாமல் முறைமையாக்கியது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவரை விரைந்து ஆயராக்கக் கூடாது என்று 325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் இரண்டாம் விதி தடுத்தது. அவ்விதிக்கு விலக்காக 374-இல் மிலான் நகரத்தார், திருமுழுக்கே பெறாத அம்புரோசைச் சில நாள்களில் ஆயராக்கினர். அவர் சிறந்த ஆயராகவும் விளங்கினார். விலக்கு சிறப்பாக அமைந்ததால் விதியைத் தூக்கி எறியவில்லை என்பதே மரபின் அறிவு. லொயோலா இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. மனம் வறண்டு சோர்ந்திருக்கும் வேளையில் முன்னர் எடுத்த தீர்மானத்தை மாற்ற வேண்டாம் என்று அந்நூல் கற்பிக்கிறது. அதைவிடக் குறைவாக நினைவுகூரப்படும் மற்றொரு அறிவுரையும் அதில் உண்டு: பயிற்சி பெறுபவர் பேரானந்தத்தில் திளைக்கும்போது எண்ணாமல் நேர்ச்சை செய்துவிடாதபடி வழிகாட்டி அவரைத் தடுக்க வேண்டும். எழுச்சிக் கூட்டங்களின் இறுதி இரவை நடத்துவோர் இந்த இரண்டாவது அறிவுரையை மனப்பாடம் செய்வது நல்லது. துயரத்தின் அவசரத்தை எல்லோரும் அடையாளம் காண்பர். ஆனந்தத்தின் அவசரமே ஆவியின் உந்துதல் என்ற பெயரில் தப்பித்துவிடுகிறது.

தமிழ்ச் சபைகள் பலவற்றில் இன்றும் மூன்று ஞாயிறுகள் திருமண ஓலை வாசிக்கப்படுகிறது. அழைப்பிதழ் அச்சாகி, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தபின் நடக்கும் சடங்காக அது சுருங்கிவிட்டது. ஆனால் அதன் உள்ளீடு ஆழமானது. இருவர் எடுத்த முடிவைச் சபை முழுவதன் காதில் போட்டு, மறுப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று வாரம் காத்திருப்பது. கடவுள் சொன்னார் என்று எவரும் அந்த ஓலையில் எழுதுவதில்லை. எழுதினால் மறுப்புக்கு இடமிராது. இத்தகைய ஓலை திருமணத்துக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? ஆய்வை விட்டு ஊழியத்துக்குச் செல்ல எண்ணும் மாணவர், நேர்ச்சை செய்ய விரும்புபவர், சபையைப் பிரிக்கத் துணிபவர் ஆகியோரும் தம் முடிவை மூன்று வாரமாவது, மூன்று மாதமாவது, மறுப்புக்குத் திறந்து வைக்கலாம். மறுப்பவர்களில் அந்த முடிவால் அதிகம் சுமக்கப் போகிறவர் இருந்தால், அவர் குரலை முதலில் கேட்கலாம். டாரத்தி கேரிக்கு யாரும் ஓலை வாசிக்கவில்லை.

அழைப்பு உண்மையானதாக இருந்தால் மூன்று மாதக் காத்திருப்பில் அது கெட்டுப்போகாது. காத்திருந்தால் கலைந்துவிடும் அழைப்பு, காத்திருக்காமல் ஏற்றிருந்தால் வேறெங்கோ, வேறொருவரையும் உடன் இழுத்துக்கொண்டு கலைந்திருக்கும். கடவுளுக்கு அவசரம் உண்டு என்று நம்புவோர் அதை எந்த மொழியில் நம்புகிறார்கள் என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வளைந்த முதுகு கண்முன் நிற்கும்போது அவருக்கிருப்பது தமிழ்ப் பொருளிலான அவசரமே; ஒரு நாளும் தாமதிக்க மாட்டார். ஒரு மனிதரின் எதிர்காலத்தைக் கட்டும் வேளையில் அவர் தருவது வங்காளிப் பொருளிலான அவசரம்: உட்கார்ந்து எண்ணவும், பிறர் சொல்லக் கேட்கவும், தேவையானால் மனம் மாறவும் போதிய ஓய்வு.